தாடி இழந்த சூசையப்பர்

சேசு, மரி, சூசை துணை. (மூன்றாமவர் தற்சமயம் என்மேல் வருத்தத்தில் இருக்கிறார்.)

மடத்தில் செபத்தோடும் முழங்கால் வலியோடும் இருக்கும் அன்புள்ள அக்காவுக்கு, போர்டு எழுதும் தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என்னைத் தவிர.

மழையில் கோவில் கூரை ஒழுகி, சூசையப்பர் சுரூபமும் அந்தோனியார் சுரூபமும் நிறம் உரிந்து போக, பங்குச்சாமி என்னைக் கூப்பிட்டு, "போர்டு எழுதறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்க, நானும் தலையாட்டிவிட்டேன். இரண்டு பேர் கையிலும் குழந்தை, இரண்டு பேரிடமும் லீலிப் பூ. ஒருவர் முகவாயில் ஈரத்தில் சாந்து உப்பியிருக்கிறது என்று நினைத்து உப்புத்தாள் போட்டு மழமழவென்று தேய்த்தேன். அக்கா, அது தாடி! அது தெரியாமல் அவருக்கு அந்தோனியாரின் பழுப்பு அங்கியைத் தீட்டி, மற்றவருக்கு அழகாக ஒரு தாடியும் வரைந்துவிட்டு, எல்லோரும் பாராட்ட வீட்டுக்கு வந்தேன்.

மறுவாரமே உன் தம்பி பெண்டாட்டி அந்தப் பழுப்பு அங்கிக்காரரிடம் ஒன்பது வார வேண்டுதல் தொடங்கினாள். தொலைந்ததை மீட்டுத் தருபவர் அந்தோனியார்தானே. எதற்கென்று உனக்குத் தெரியும். "போர்டு கோணலா இருக்குப்பா" என்று, போர்டு வாங்க வந்தவர் முன்னாலேயே அன்றைக்குப் பையன் சொன்னான். "இனிமே இந்தப் படி ஏறாதே" என்று நான் சொன்னேன். இரண்டு வருடமாகப் பேச்சில்லை. நானாகக் கூப்பிட மாட்டேன், அப்பன் என்றால் ஒரு கெத்து வேண்டாமா? ஆகவே அந்தோனியாரைத்தான் நானும் மலைபோல் நம்பியிருந்தேன்.

எட்டாம் வாரம், கூட்டிப் பெருக்குவதற்காகச் சுரூபத்தைச் சாய்த்தால், அடியில் 'சூசையப்பர்' என்று செதுக்கியிருக்கிறது. சாமியிடம் ஓடினேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அந்தக் காலத்துல படிக்கத் தெரியாத சனங்க, கையில இருக்கறதப் பாத்துதான் புனிதர் யாருன்னு கண்டுபுடிச்சாங்க. சாவின்னா இராயப்பர், வாள்னா சின்னப்பர். நீ ஆளையே மாத்திட்டியேப்பா!"

"அப்ப எட்டு வார வேண்டுதலும் வீணா சாமி?"

"நமக்காகக் கடவுள்கிட்டப் பரிஞ்சு பேசறவங்கதானே புனிதருங்க? அவங்களுக்குள்ள சொல்லிக்க மாட்டாங்களா?"

எனக்கு மனசு ஆறவில்லை. சேசுவை வளர்த்த தகப்பன்தான், ஆனால் வேதாகமம் முழுவதும் சூசையப்பர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் எங்கே போய்ச் சொல்லப்போகிறார்? ஆகவே உன் மடத்திலிருக்கும் அசல் அந்தோனியாரிடம் இந்த எட்டு வாரத்தையும் சேர்த்துச் சொல்லிவிடு. பயமாக இருக்கிறது அக்கா, பையன் வரவே மாட்டானோ என்று. இவளிடம் மட்டும் மூச்சு விடாதே.

மடத்துச் சகோதரிகள் எல்லோருக்கும் எங்கள் தோத்திரம். சகல புனிதர்களும், ஆள் மாறாமல், உன் முழங்காலைக் காப்பார்களாக.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: மேலே கேட்ட எதையும் செய்ய வேண்டாம். உறை ஒட்டப் பசை தேடிப் போன நேரத்தில் அவள் இதைப் படித்துவிட்டாள். "சின்ன வயசுலேருந்து தொடச்ச சுரூபம், எனக்குத் தெரியாதா? பையன் எங்கயும் தொலையல. வாரா வாரம் என்கிட்டப் பேசிக்கிட்டுதான் இருக்கான். அப்பன்மாருக்கெல்லாம் பாதுகாவல் சூசையப்பர்தானே? இந்த மனுசன் மனசு இளகட்டும்னுதான் அவர்கிட்டக் கேட்டேன்" என்று சொல்லி, அவனைக் கூப்பிட்டு, போனை என் காதில் வைத்துவிட்டாள். அவன் எடுத்தான். கூப்பிட்டதே நாங்கள், ஆனாலும் நான், "யாரு பேசறது?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"உங்க பையன்தாம்பா" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறான்.