மெயின் சுவிட்சும் மொழியியலும்

ஒரே ஒரு புத்தகத்தை மட்டும் முழுசாகப் படித்தவனைப் பெண் பார்க்க அழைத்துப் போகக் கூடாது. என் அம்மாவுக்கு இது தெரியாது.

திருப்பதியில் மொழியியல் எம்.ஏ. முடித்திருந்த சமயம். உலக மொழிகளைப் பற்றிச் சகலமும் சொல்லும் தலையணை சைஸ் கையேடு ஒன்று என்னிடம் இருந்தது. அதில் எனக்குப் பிடித்தது, பேச்சைப் பதிவு செய்வது பற்றிய பகுதி. வெளியாள் எதிரில் இருந்தால் ஜனங்கள் இயல்பாகப் பேச மாட்டார்கள். அவர்கள் நம்மை மறக்க வேண்டும். சுற்றிலும் சத்தம் இருக்கக் கூடாது. (இதை யாரிடமாவது சொல்லாமல் நான் தூங்கியதே இல்லை.)

கோமதி என்னோடு படித்தவள், நகரிப் பெண். கல்யாணம் என்று நாங்கள் முடிவு செய்துவிட்டோம். அவள் வீட்டுச் சம்மதம்தான் பாக்கி. அது இல்லாமல் வரமாட்டேன் என்று கறாராகச் சொல்லியிருந்தாள்.

"படிப்பப் பத்தி வாயத் தொறக்காத. எங்கம்மா ஏற்கெனவே பயந்துக்கினு கீறாங்க."

பெண் பார்க்கப் போன அன்று அவள் வீட்டு முன்கூடத்தில் நானும் அம்மாவும் பஜ்ஜி சாப்பிட, பின்கட்டில் விசைத்தறிகள் ஓடின. தறி வீட்டில் ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்ல வேண்டும். கோமதியின் அப்பா தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடித்து என் அம்மாவிடம் கத்திக்கொண்டிருந்தார். எனக்குள் இருந்த ஆராய்ச்சியாளன் விழித்துக்கொண்டான். செல்போனில் பதிவை ஓடவிட்டேன். ஆனால் தறிச் சத்தம் தவிர என்ன பதிவாகும்? கை கழுவுவதாகச் சொல்லி எழுந்தேன். வழியில் மெயின் சுவிட்ச். ஒரு நிமிஷம்தானே என்று இறக்கிவிட்டேன்.

தறிகள் நின்றன. சமையலறையில் தன் தங்கையோடு பேசிக்கொண்டிருந்த கோமதியின் அம்மா நிற்கவில்லை.

"பையன் மூஞ்சி நல்லாத்தான் கீதுடி! ஆனா, ஊர்ல கீறவங்க இன்னா பேசறாங்கன்னு கேட்டுக்கினு திரியறதெல்லாம் ஒரு வேலையா? நம்ம பொண்ணு இன்னாத்த துன்னும்?"

தெருமுனை வரை கேட்டிருக்கும். என் அம்மா கையில் எடுத்த பஜ்ஜி கையிலேயே நின்றது. கோமதியின் அம்மா வெளிறிப்போய்ச் சமையலறை வாசற்படிக்கு வந்தார்.

"மெயின யாரு எறக்கனது?" என்று அலறினார் கோமதியின் அப்பா. "புடவ நடுவுல கோடு உழுந்துடுமே!"

என் கை இன்னும் சுவிட்சில்தான் இருந்தது. புத்தியுள்ளவன் மன்னிப்புக் கேட்டிருப்பான். "அத்தே," என்றேன் நான் (சம்மதமே வரவில்லை, அதற்குள் அத்தை!). "இப்ப சொன்னத இன்னொரு தபா சொல்றீங்களா? மொதல் வரி சரியா பதிவாயிருக்காது."

என் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கோமதி சுவரைப் பார்த்தாள். அத்தை என்னையே முறைத்தார். பிறகு அந்தப் படியிலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"திட்டனத திரும்பச் சொல்லுன்னு கேக்குது பாரேன்! என் வாய்க்கு இந்த மாதிரி மாப்ள வேற எங்க கெடைக்கும்?"

அதுதான் சம்மதம். நான் சேகரித்த பேச்சிலேயே இயல்பானதும் அதுதான், பத்திரமாக வைத்திருக்கிறேன். எனக்கு வேலை கிடைக்க வெகுநாள் ஆனது. அதுவரை எங்கள் இருவருக்கும் சோறு போட்டது அத்தைதான். "இன்னாத்த துன்னும்" என்ற கேள்வியை அவர் மறுபடி கேட்கவே இல்லை. அந்த நன்றியைச் சொல்ல என் கையேட்டில் எந்த மொழியிலும் வார்த்தை கிடைக்கவில்லை.

ஆயுத பூஜையன்று நகரிக்குப் போவோம். தறிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு அத்தை என் கையேட்டுக்கும் பொட்டு வைப்பார். அன்று முழுக்கத் தறிகளுக்கு ஓய்வு, வீடே அமைதி. அத்தையின் தங்கை ஏதாவது வம்பு கேட்டால், அத்தை என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு வாயில் விரலை வைப்பார்.

"மாப்ள கீறாருடி. நாளைக்கித் தறி ஓடட்டும், சொல்றேன்."