மருமகன் வைத்த கஷாயம்

"மாமா, பைப் அடைச்சுப்போச்சு."

கோயில் தர்மகர்த்தா நமசிவாயம் பதறி வாசலைப் பார்த்தார். பரம்பரையில் ஒருவரும் கள்ளுக்கொட்டில் பக்கம் போனதில்லை என்பது அவர் பெருமை. அந்த வீட்டின் பின்குசினியில்தான், ரொறன்ரோவிலிருந்து நீண்ட லீவில் வந்த மருமகன் கஜானன் அடியில் பைப் பூட்டிய பெரிய வாளியில் பியர் புளிக்கவைத்திருந்தான். இது இரண்டாம் வாளி. முதல் வாளி எங்கே போனதென்று நமசிவாயம் கேட்கவில்லை. மருமகனை விசாரிப்பது மரியாதையில்லை.

"முத்துக்குமாரு அண்ணை ஏதோ விசயம் கதைக்கோணுமெண்டு வாறார். என்ரை பதவியிலை அவருக்கு ஒரு கண். உதைக் கெதியா போத்திலிலை அடைச்சு ஒளியுங்கோ!"

"வருகுதில்லை மாமா. கசப்புக்குப் போடுற ஹொப்ஸ் பூ கொஞ்சம் கூடிப்போச்சு."

"கொஞ்சமெண்டால்?"

"கொண்டந்த முழுப் பைக்கற்றும்."

மருந்துக் குளிசைபோல் உருட்டிய பூ ஊறி உப்பி, பாதிப் பியரைத் தானே குடித்துவிட்டு, மீதிக்கு வழிவிடாமல் பைப்பின் வாயில் குந்தியிருந்தது.

கஜானன் ஈர்க்கால் குத்தினான். ஈர்க்கு முறிந்து உள்ளே நின்றது.

"சைக்கிள் பம்பாலை அடியுங்கோ!"

அடித்தான். பூ விலகியது, மேல்நோக்கி. மூடி பறந்தது. பச்சை நுரை மாமனாரின் வெள்ளை வேட்டியில் இறங்கியது.

"துணியிலை வடிப்பம்!"

அவசரத்தில் கஜானன் கைக்கு அகப்பட்டது, திருவிழாவில் மாமனாருக்குப் போர்த்திய பட்டுச் சால்வை. அதுவும் அடைத்துக்கொண்டது.

"தர்மகர்த்தா நிக்கிறாரோ?"

முத்துக்குமாருவும் மனைவி பராசக்தியும் குசினி வரை வந்துவிட்டார்கள். பராசக்தியின் கையில் கனத்த பையொன்று.

"இதென்ன வாசம், நமசிவாயம்?"

"கஷாயம்." வேட்டியில் நுரையோடு நமசிவாயம் நிமிர்ந்து நின்றார். "முழங்கால் உளைவுக்கு. கனடா மூலிகை."

"எனக்கும் உளைவுதான். ஒரு மூக்குப்பேணியிலை தாங்கோ."

முத்துக்குமாரு அண்ணாந்து ஊற்றினார். முகம் சுருங்கியது. பேணியை மனைவியிடம் கொடுத்தார்.

நமசிவாயத்துக்குத் தன் பதவி படியிறங்கிப் போவது தெரிந்தது.

பராசக்தி ஒரு மிடறு சுவைத்தார். பிறகு பையைத் திறந்து இரண்டு போத்தல்களை எடுத்துக் கஜானனிடம் நீட்டினார்.

"இந்தாங்கோ தம்பி, போனமுறை நீங்கள் இவருக்குத் தந்த போத்திலுகள், வெறுமனே திருப்பிக் குடுக்கக்கூடாதெண்டு நல்லெண்ணெய் விட்டுக் கொண்டந்தனான், இன்னும் ரண்டு கேக்கத்தான் இவர் வந்தவர், ஆனால் உதிலை பூ கூடிப்போச்சு, போனமுறை மாதிரி அளவாய்ப் போட்டுத் தாங்கோ."