அமுதவல்லியின் முடியும் சந்தியாவின் கல்யாணமும்

மரக்காணம்,
சித்திரை 14.

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் புருஷோத்தமன் அவர்களுக்கு, உங்கள் அக்கா வீட்டுக்காரன் தேசப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் இருவரும் நலம். குயிலாப்பாளையத்தில் நீங்களும் தங்கச்சியும் கல்யாணப் பெண் சந்தியாவும் நலமாக இருக்க அம்மன் துணை. கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். எங்கள் வீடு ஒரே அறை. போனில் பேசினால் உங்கள் அக்கா அமுதவல்லி காதில் விழும்.

விஷயம் என்னவென்றால், வைகாசி பத்தாம் தேதி கல்யாணத்துக்கு அமுதவல்லி வரமாட்டாளாம். தை மாதம் பத்து நாள் காய்ச்சலில் கிடந்தாள் அல்லவா, பங்குனியிலிருந்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. கல்யாணப் பேச்சை எடுத்தால் சீப்பை எடுத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்து உப்பளத்தையே பார்க்கிறாள். "ஏன் வரமாட்டே"ன்னு கேட்டா, "வரல, விடுங்க"ங்கறா. நான் சீப்பைப் பார்த்தேன், காரணம் புரிஞ்சிப்போச்சி. பொண்ணுக்கு ஒரே அத்தை, அவ இல்லாம நான் மட்டும் மண்டபத்துல நின்னா நாலு பேர் என்ன கேப்பாங்க, நான் என்ன சொல்லுவேன்? அதனால முடியை வளர்த்துட்டா முடிஞ்சிதுன்னு போன்ல வர்ற வைத்தியத்தையெல்லாம் ஒரு நோட்டுல எழுதினேன். அவ அதைப் படிச்சிப் பார்த்துட்டு, "மொதல்ல உங்க தலையில போட்டுப் பாருங்க. அங்க முளைச்சா எங்கயும் முளைக்கும்"னு சொல்லிட்டா. என் தலை உங்களுக்குத் தெரியும்.

மொதல்ல சின்ன வெங்காயச் சாறு. வீட்டுல நாறும்னு, நான் மோட்டார் போடுற உப்பளத்துக்கே கொண்டுபோயி, மோட்டார் கொட்டாய்ல உக்காந்து தேய்ச்சிக்கிட்டேன். சாறு நெத்தியில வழிஞ்சி கண்ணுக்குள்ள இறங்குச்சி. கண்ணுல தண்ணி நிக்கல. அந்த நேரம் பாத்து உப்பு வார்ற அந்தோணிராஜ் வந்தான். பக்கத்துல உக்காந்து, "எதுவா இருந்தாலும் மனசுல வெச்சிக்காத அண்ணே"ன்னு என் முதுகைத் தடவினான். பேச வாயைத் தொறந்தா விக்கல்தான் வந்துது. அவன் போயி தெரு பூரா சொல்லிட்டான். சாயந்திரம் ஏழெட்டுப் பேர் வந்து செருப்பை ஓரமா கழட்டி வெச்சிட்டு அமைதியா உக்காந்தாங்க. ஞாயித்துக்கிழமை கோயில் பூசையில எனக்காக வேண்டிக்கிட்டாங்களாம்.

அடுத்து வெந்தயமும் செம்பருத்தி இலையும் தயிர்ல அரைச்சது. விடிகாலையில தலை பூரா அப்பிக்கிட்டு மோட்டாரைப் போட்டுட்டு வரப்புல உக்காந்தேன். மச்சான், அந்த நேரத்துல உப்பளத்தைப் பார்த்திருக்கீங்களா? பாத்தியில தண்ணி அசையாது. வானம் மேலயும் கீழயும் இருக்கும், நடுவுல நாம எங்க இருக்கோம்னு ஒரு நிமிஷம் தெரியாது. தலை சில்லுனு இருந்துது, மோட்டார் சத்தம் எங்கேயோ தூரத்துல கேட்டுது, கண்ணு சொக்கிப்போச்சி. கனவுல அமுதவல்லி பாத்திக்கு நடுவுல உக்காந்து தலை வாருறா. முடி கல்யாணத்தன்னிக்கு இருந்த மாதிரி, இல்ல, அதையும் தாண்டி, பாத்தி பாத்தியா நீண்டு கழிமுகம் வரைக்கும் போவுது. உப்பு சுமக்கிற பொம்பளைங்க அதை மிதிக்காம பாவாடையைத் தூக்கிக்கிட்டுத் தாண்டுறாங்க. நான் ஒரு நுனியைப் பிடிச்சிக்கிட்டு நடந்துக்கிட்டே இருக்கேன். கால் நனைஞ்சி முழிச்சேன். தண்ணி வரப்பு தாண்டி, வார வேண்டிய உப்பு ரெண்டு பாத்தி கரைஞ்சிப்போயிருந்துது. தலையில வெந்தயம் காய்ஞ்சி ஓடு மாதிரி இறுகிடுச்சி. முதலாளி சடையப்பன் வந்து என்னையும் பாத்தியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்பா, தலையில என்னா?"

"வெந்தயங்க."

"வெந்தயம் தலையில வெச்சா உப்பைக் கரைச்சி விடணும்னு யாரு சொன்னா?"

நோட்டுல அதுக்கு எதுவும் எழுதியிருக்கல.

கடைசியா கரிசலாங்கண்ணியும் கருவேப்பிலையும் போட்டுக் காய்ச்சின எண்ணெய். என் தலையில கெட்டுப்போறதுக்கு இனிமே ஒண்ணுமில்லன்னு பார்த்தாளோ என்னமோ, மத்தியானம் தானா வந்து முன்னால உக்காந்தா. நான்தான் தேய்ச்சி விட்டேன். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்துல இதுதான் மொத தடவை. வெளியே வெயில்ல உப்புக் குவியல் எல்லாம் வெள்ளையா மிதக்குது, அவ கண்ணை மூடி என் முழங்கால்ல சாஞ்சிட்டா. நெத்தியோரம் பொடிப் பொடியா புது முடி கையில தட்டுப்பட்டுது. இதான் நேரம்னு, "கல்யாணத்துக்குப் போலாமா"ன்னு மெதுவா கேட்டேன். "வரல"ன்னா, கண்ணைத் தொறக்காமலே.

எனவே தாங்கள் தயவுசெய்து மண்டபத்தில் அவள் நாற்காலியைச் சுவரோரமாகப் போடச் சொல்லுங்கள். வீடியோக்காரரிடம் அவளைப் பின்பக்கமாக எடுக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். இந்த ரெண்டையும் சொல்லி அவளுக்குத் தைரியம் கொடுத்து ஒரு போன் போடுங்கள். நான் எழுதியது தெரியக் கூடாது. தங்கச்சிக்கு என் அன்பு. சந்தியா நூறு வருஷம் மஞ்சள் குங்குமத்தோடு நிறைவாக வாழ மாமாவின் ஆசி.

இப்படிக்கு,
தேசப்பன்.

பின்குறிப்பு: கவர் ஒட்டப் பசை வாங்கிட்டு வர்றதுக்குள்ள உங்க அக்கா இதை முழுசும் படிச்சிட்டா. ரொம்ப நேரம் சிரிச்சா. அப்புறம், "காய்ச்சலுக்குக் கொட்டின முடி தானா வரும்னு நர்ஸம்மா அப்பவே சொல்லிச்சி. மொட்டையாக் கூட போயிருப்பேன். கூப்பிடாத வீட்டுக்கு எப்படிங்க போறது? பத்திரிகையை வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கான் என் தம்பி. அதுவும் உங்க போனுக்கு"ன்னா. இதை மொதல்லயே சொல்லக் கூடாதான்னு கேட்டேன். "மரியாதையை நானே கேட்டு வாங்குறதா?" சரி, நான் வெங்காயம் தேய்க்கும்போதாவது சொல்லியிருக்கலாமேன்னேன். "நீங்க ஆசையா செஞ்சிக்கிட்டிருந்தீங்க"ன்னா.

ஆகையால் மேலே எழுதியது எல்லாம் அடிக்கப்பட்டதாகக் கொள்ளவும். ஞாயிற்றுக்கிழமை நீங்களும் தங்கச்சியும் தட்டில் பத்திரிகை வைத்து நேரில் வரவும். பூ எவ்ளோ வாங்கியாரச் சொல்லன்னு அவகிட்ட கேட்டேன். பின்னலை முன்னால இழுத்துத் தடவிப் பார்த்துட்டு, "ரெண்டு முழம் தாங்கும்"னா.