வேலியோரம் ஒரு பால்மா டின்

"இது தொட்டால் கத்தும். அது கிட்டப் போனாலே அதிரும்," என்றார் கடைக்கார வெள்ளைக்காரர்.

கண்ணாடி மேசையில், மண்ணுக்குள் உலோகம் தேடும் இரண்டு பின்பாயின்டர்கள் கிடந்தன. இரண்டும் ஒரு கரட் கிழங்கு அளவுதான். ஒன்று கறுப்பு, மற்றது சிவப்பு. சிவப்பின் விலையில் கறுப்பு மூன்று வாங்கலாம்.

"ரெண்டும் தங்கத்தைக் காட்டுமோ?" என்று சண்முகராசா தன் ஆங்கிலத்தில் கேட்டார்.

"காட்டும். நீங்கள் தேடுவது ரோமர் காலத்துத் தங்கமா, சாக்சன் காலத்துத் தங்கமா?"

"பெப்ரவரி மாதத்துத் தங்கம்."

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

உண்மை அதுதான். பெப்ரவரியில், கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் இருந்த சண்முகராசாவின் தெருவுக்குக் கள்ளர் வந்தார்கள். தமிழர் வீடுகளாகப் பார்த்து நுழைந்தார்கள். "என்ர தாலிக்கொடியைக் கொண்டுபோய் பாங்க் லொக்கரில வையுங்கோ," என்றாள் மனைவி அருள்நாயகி. சண்முகராசா பாங்குக்குப் போனார், லொக்கர் வாடகையைக் கேட்டார், அதே பஸ்ஸில் திரும்பிவிட்டார். கொடியைப் பால்மா டின்னில் போட்டு, தோட்டத்து ஷெட்டின் அருகே, வேலியை ஒட்டி ஒரு சாண் தள்ளிக் குழி தோண்டித் தாட்டார். மனைவியிடம், "லொக்கரில வைச்சாச்சு," என்றார்.

ஊரில் யுத்தம் அழிவோடு முடிந்த அந்த வருடம் ஒருவருக்கும் கொண்டாட்ட மனமில்லை. கலியாணங்கள் எல்லாம் தள்ளிப்போயின. விசேஷங்களுக்கு மட்டும் போடுகிற தாலிக்கொடிக்கும் வேலை வரவில்லை. ஒக்டோபரில்தான் முதல் கலியாணம் வந்தது: சனிக்கிழமை, வெம்பிளியில், அருள்நாயகியின் அண்ணன் மகனுக்கு. பாரிசில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்த அருள்நாயகி வெள்ளிக்கிழமை திரும்புகிறாள். இன்று செவ்வாய். டின்னைத் தாட்ட இடத்தில் மண்புழு மட்டும்தான் இருந்தது.

வாடகைக்கு எடுத்த மெட்டல் டிடெக்டர் வேலி நெடுகிலும் ஊளையிட்டது. அதன் தலை சோற்றுத் தட்டு அளவு. எந்த இடம் என்று திட்டமாகச் சொல்லாது. குழிக்குள் விட்டுத் துழாவிச் சரியான இடத்தைக் காட்டத்தான் இந்தக் கரட்.

"சரி, கடைசி விலையைச் சொல்லுங்கோ."

"ஒட்டியிருக்கும் விலைதான் கடைசி விலை. ஸ்டாஃபர்ட்ஷயர் வயலில் புதையல் எடுத்த செய்தி வந்ததிலிருந்து இங்கே ஒரே சனம்."

சண்முகராசா தன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "அப்ப வேண்டாம்," என்று வாசலை நோக்கி நடந்தார். யாழ்ப்பாணத்திலும் சரி, லண்டனில் அப்டன் பார்க் நம்மவர் கடைகளிலும் சரி, வாசற்படியைத் தாண்டும்முன் பின்னாலிருந்து ஒரு குரல் வரும். இங்கே வரவில்லை. பஸ் தரிப்பிடம் வரைக்கும் போய் நின்றுபார்த்தார். அங்கேயும் வரவில்லை. உலகத்தில் இப்படியும் ஒரு வியாபாரமா என்று திகைத்தவர், தானே திரும்பி வந்து, தலையைக் குனிந்துகொண்டு கறுப்பை வாங்கினார்.

கறுப்பு அபாரமாகக் கத்தியது. குத்திய இடமெல்லாம் கத்தியது. அது கத்திய இடமெல்லாம் சண்முகராசா தோண்டினார். பியர் டின் மூடி ஒன்றும் துருப்பிடித்த ஆணி சிலவும் வந்தன. மற்றக் குழிகளில் ஒன்றுமே இல்லை. பொழுதுபட, தோட்டம் அம்மை போட்ட முகம் மாதிரி ஆகிவிட்டது.

வேலிக்கு மேலே ஒரு தலை முளைத்தது. பக்கத்து வீட்டு யாக்கோப்பு.

"என்ன அண்ணை, கிணறு வெட்டுறியளோ?"

"பீட்ரூட் போடப்போறன்."

"பீட்ரூட்டுக்கு ஏன் கையில கத்துற சாமான்?"

"தண்ணிப் பைப்பில மண்வெட்டி பட்டிடக் கூடாதெல்லே."

"ஓமோம்," என்ற யாக்கோப்பு போகவில்லை. குரலைத் தணித்தார். "அண்ணை, உது சரிவராது. சிவப்பு நிறத்தில ஒண்டு இருக்குதாம். அதை எடுங்கோ. பாதிக் காசு நான் தாறன்."

சண்முகராசாவின் கையிலிருந்து மண்வெட்டி விழுந்தது. ஏணி இரவல் கொடுத்தால் படிகளை எண்ணித் திருப்பி வாங்குகிற மனிதன் இவர். இந்த யாக்கோப்பு பாதிக் காசு தருகிறாரா? ஆள் மணம் பிடித்துவிட்டார். பங்கு கேட்கப்போகிறார்!

"வேண்டாம் தம்பி. என்னட்டக் காசு இருக்கு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதிரையில் விழுந்தார். கறுப்பைக் காலடியில் வைத்தார். அது கத்தியது. தள்ளி வைத்தார், அடங்கியது. காலை நீட்டினார், மறுபடி கத்தியது.

அப்போதுதான் தன் சப்பாத்தைப் பார்த்தார். வேலைத்தலத்துப் பாதுகாப்புச் சப்பாத்து. முன்னுக்கு இரும்புக் கவசம். அன்று முழுவதும் அவர் தன்னுடைய கால்விரல்களைத்தான் தேடியிருக்கிறார்.

மறுநாள் கடைக்காரர், சேறு பூசிய கறுப்பைத் திருப்பி எடுக்க மறுத்தார். சண்முகராசா விலை பேசாமல், வாசலுக்கும் நடக்காமல், சிவப்பை வாங்கினார். வாழ்க்கையில் முதல்முறை.

ரப்பர் செருப்புடன் ஷெட் பக்கம் முழுவதையும் அலசினார். சிவப்பு அசையவே இல்லை. சோர்ந்துபோய் வேலியோரமாகவே வீட்டை நோக்கி வந்தபோது, சமையல் குசினிக்குக் கிட்ட அது கைக்குள் துடித்தது. தோண்டினார். டங் என்றது. டின்!

ஆனால் பால்மா டின் இல்லை, பிஸ்கட் டின். அதை யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. மூடியைத் திறந்தார். மஞ்சள் துணிக்குள் தடித்த தாலிக்கொடி மின்னியது. "பிள்ளையாரப்பா!" என்று கண்ணில் ஒற்றப்போனவர் அப்படியே நின்றார்.

தாலியில் பிள்ளையார் இல்லை. புறா இருந்தது.

புறாத் தாலி கிறிஸ்தவர்களான வேதக்காரருடையது. அந்தத் தெருவில் வேதக்காரர் ஒரே ஒரு குடும்பம்: யாக்கோப்புவும் அவர் மனைவி பியற்றிசும். அவர்களுடைய கொடி இவருடைய நிலத்துக்குள் எப்படி வந்தது?

வந்தது கொடி இல்லை, நிலம். மார்ச் மாதக் காற்றில் வேலி விழுந்தபோது இருவரும் சேர்ந்துதான் நிமிர்த்தினார்கள். சண்முகராசா குசினிப் பக்கம், யாக்கோப்பு ஷெட் பக்கம். யாக்கோப்பு அந்தப் பக்கம் குனிந்திருந்த நேரம் பார்த்து, சண்முகராசா தன் பக்கத்துத் தூண்களை ஓரடி அங்காலே, யாக்கோப்புவின் நிலத்துக்குள் அரக்கி நட்டுவிட்டார். ஊரில் அவருடைய பரம்பரையே அப்படித்தான் வேலி அடைத்தது.

கொடியைத் திருப்பிக் கொடுத்தால், எங்கே எடுத்தீர்கள் என்று கேட்பார்கள். கொடுக்காவிட்டால் பெப்ரவரிக் கள்ளருக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்?

வியாழன் பின்னேரம் யாக்கோப்பு வாசலில் வந்து நின்றார்.

"அண்ணை, அந்தச் சிவப்பை ஒருக்காத் தாறியளோ? மோதிரம் ஒண்டு விழுந்திட்டுது."

"எ... எங்க விழுந்தது?"

"குசினிப் பக்கம். வேலியோரம்."

சண்முகராசா சிவப்பை எடுத்துக் கொடுத்தார். இருட்டும்வரை அடுத்த வீட்டு ஜன்னலிலிருந்து பியற்றிசின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "கிடைச்சுதோ? இல்லையோ? அப்ப அங்கால பாருங்கோ. ஷெட்டடிக்குப் போங்கோ!"

காலையில் சிவப்பு திரும்பி வந்தது. யாக்கோப்புவின் முகம் பேயைக் கண்டதுபோல் வெளிறியிருந்தது.

"மோதிரம் கிடைச்சுதோ?"

"இல்லை அண்ணை. உங்கட பைப்பு?"

"அதுவும் இல்லை."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அவசரமாகக் கதவைச் சாத்தினார்கள்.

மத்தியானம் டாக்சி வந்தது. அருள்நாயகி பெட்டியைக்கூட வைக்கவில்லை. "வாங்கோ, பாங்க் பூட்ட முந்தி லொக்கருக்குப் போவம்," என்றவள், பின்கதவுக் கண்ணாடியால் தோட்டத்தைக் கண்டாள். "ஐயோ! இதென்ன, குண்டு விழுந்ததே?"

"நாயகி... லொக்கர் வந்து... லொக்கர் எண்டு ஒண்டு..."

"என்ன லொக்கர்? என்ர கொடி எங்க?"

மனைவியின் கண்களில் நீர் முட்டியது. அந்த நேரம் பார்த்து அழைப்புமணி அடித்தது.

வாசலில் பியற்றிஸ். பின்னால் மதிலோடு ஒட்டிக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி யாக்கோப்பு. பியற்றிசின் கையில், மண் படிந்த ஒரு பால்மா டின்.

"இந்தாங்கோ அண்ணை உங்கட பிள்ளையார், எங்கட புறாவைத் தாங்கோ, நீங்கள் குசினிப் பக்கம் வேலியை அரக்கேக்க, இந்த மனிசன் ஷெட் பக்கம் உங்கட நிலத்துக்குள்ள அரக்கினதை நான் மேல் ஜன்னலால பாத்துக்கொண்டுதான் நிண்டனான்!"