படத்தில் தெரிந்த காத்து

டாக்டர் நமக்குத் தெரியாத வார்த்தையைச் சொன்னால் ஆபத்தில்லை. வாயை மூடிக்கொண்டு தலையாட்டிவிடுவோம். தெரிந்த வார்த்தையைச் சொன்னால்தான் வினை.

பேத்தி நிலாவுக்கு அப்போது இரண்டரை வயது. மந்தைவெளி வீட்டில் வேர்க்கடலையை வாயில் போட்டுக்கொண்டு குதித்தவளுக்குப் புரையேறி, முகமே சிவந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் இருமல் நின்றது. ஆனால் மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம். நானும் மருமகள் தேவியும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

எக்ஸ்ரே எடுக்கும்போது குழந்தையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். தேவி பணம் கட்டும் வரிசையில் நின்றதால் நான் போனேன். தோளில் ஈயக் கவசம் ஒன்றை மாட்டினார்கள். (அம்மிக்கல்லுக்கு ஜாக்கெட் தைச்சா மாதிரி கனம்.) மூச்சை இழுக்கும்போது ஒரு படம், விடும்போது ஒரு படம் என்றார் எடுப்பவர். சொன்னால் கேட்கிற வயதா? நான் ஊதிக் காட்டினேன், அவரும் ஊதிக் காட்டினார். இரண்டு பேரும் அடுப்பு ஊதுவதைக் குழந்தை வேடிக்கை பார்த்தது. கடைசியில் அவள் வீறிட்டு அழுததில்தான் படம் சரியாக விழுந்தது.

டாக்டர் கம்ப்யூட்டரில் காட்டினார்.

“கடலை எங்க சார் கீது?” என்றேன்.

“கடலை எக்ஸ்ரேல தெரியாது பாட்டிம்மா. காசு, ஊக்குன்னா தெரியும். ஆனா இங்க பாருங்க, வலது பக்கம் காத்து இருக்கு. உள்ள போயிடுச்சு, வெளிய வரமாட்டேங்குது.”

நான் கம்ப்யூட்டரை விட்டு ஒரு அடி தள்ளி நின்றுகொண்டேன். காத்தில் இரண்டு வகை. ஒன்று ஃபேன் போட்டால் வருவது. இன்னொன்று உச்சிவெயிலில் புளியமரத்தடியில் நின்றால் பிடித்துக்கொள்வது. முழுங்கிய கடலை தெரியவில்லை, காத்து மட்டும் தெரிகிறது என்று படித்தவரே சொன்னால் அது எந்தக் காத்து?

மயக்க மருந்து கொடுத்து, வாய்வழியாகக் குழாய் விட்டு எடுக்க வேண்டும், தாமதித்தால் அந்தப் பக்க நுரையீரலே கெட்டுவிடும் என்றார். தேவி கையெழுத்துப் போட ஓடினாள். காத்துக்கு எதற்குக் குழாய்? குழந்தைக்கு மயக்கம் கொடுத்தால் காத்தும் மயங்குமா? நடுவில் முழித்துக்கொண்டால்?

வாசல் பெட்டிக்கடைக்கு ஓடி ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி வந்தேன். நிலாவைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். தலையைச் சுற்றிவிட்டு, பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தேன். வண்டியைத் தள்ளினார்கள். பழம் நசுங்கி, சாறு பீய்ச்சி டாக்டரின் பேண்ட்டில் அடித்தது.

“என்னம்மா இது?”

“நீங்கதானே சார் காத்து கீதுன்னீங்க. நீங்க அந்தாண்ட இழுங்க, நா இந்தாண்ட தொரத்துறேன்.”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எதிர்த்துப் பேசாத தேவி, “அத்தே, வாய மூடிகினு இங்க குந்து” என்றாள். குந்தினேன். கதவு மூடியது. அந்த விசில் சத்தம் மட்டும் என் காதிலேயே இருந்தது. எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்றுகூடப் புரியாமல் தேவியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளும் விடவில்லை.

டாக்டர் ஒரு குட்டி பாட்டிலோடு வந்தார். உள்ளே பாதிக் கடலை.

“இது கதவு மாதிரி மாட்டிக்கிச்சும்மா. காத்த உள்ள விட்டுது, வெளிய விடல. இப்ப குழந்தை நல்லா இருக்கா.”

“அப்ப அது ஃபேன் காத்துதானா சார்?”

அவர் பேண்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஃபேன் காத்தேதாம்மா.”

நிலா இப்போது ஒன்றாம் வகுப்பு. போன வாரம் அவள் மிஸ், காற்று கண்ணுக்குத் தெரியாது என்று பாடம் நடத்தியிருக்கிறார். இவள் எழுந்து நின்று, “தெரியும் மிஸ். என் நெஞ்சுல இருந்துச்சு, படம் புடிச்சாங்க. எங்க ஆயாதான் ஓட்டுனாங்க” என்று சொல்லியிருக்கிறாள். வீட்டில் யாராவது வந்து பார்க்கும்படி மிஸ் சொல்லி அனுப்பியிருந்தார். நான் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

தேவி வாசலை மறித்துக்கொண்டாள். “போ அத்தே. ஆனா கைய நீட்டு, எதுனா எலுமிச்சம்பயம் கியம் வெச்சிகினு கீறியான்னு பாத்துட்டு அனுப்புறேன்.”