வலது தோளும் ஈயக் குண்டும்

மனைவி கனகாம்பாளைச் சுப்பராயலு கடைசியாக உயிரோடு பார்த்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில். அவள் கேட்டது இவ்வளவுதான்.

"மாட்டுக்குத் தட்டை வெட்டுனீங்களா?"

"வெட்டிட்டுத்தான் வரேன்."

"தோள் வலிக்கலையே?"

கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரி அதை அக்கறை என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது அக்கறை இல்லை. வெற்றி. எல்லாம் ஒரு மீன்பிடிச் சாமானால் வந்தது.

பாகூரில் சுப்பராயலுவுக்குக் கரும்பு, நெல், நாலு மாடு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கடல் பைத்தியம். மூர்த்திக்குப்பத்து பாக்யராஜின் பைபர் படகில் ஏறி வஞ்சிரம் பிடிக்கப் போவார். வஞ்சிரம் வராது. மீன் அடியில் இருக்கிறது, உங்கள் நூல் மேலே மிதக்கிறது என்று போன் வீடியோவில் ஒரு வெள்ளைக்காரன் விளக்கினான். அவன் படகு ஓரத்தில் டவுன்ரிக்கர் என்று ஒரு ராட்டினம் இருந்தது. கம்பி முனையில் நாலு கிலோ ஈயக் குண்டு. குண்டு முங்கும்போது தூண்டில் நூலையும் ஆழத்துக்கு இழுத்துப் போகும். மீன் கடித்ததும் நூல் குண்டிலிருந்து கழன்றுகொள்ளும். பிறகு குண்டைச் சுற்றி மேலே ஏற்ற வேண்டும். இதில் இரண்டு ரகம். ஒன்றைக் கையால் சுற்ற வேண்டும். இன்னொன்று பேட்டரியில் ஓடுவது. பட்டனைத் தட்டிவிட்டு உட்கார்ந்து மிக்சர் சாப்பிடலாம்.

சுப்பராயலுவின் மனம் மிக்சர் பக்கம் சாய்ந்தது. காரணமும் கைவசம் இருந்தது. வலது தோள்.

அந்தத் தோளுக்கு ஒரு வரலாறு உண்டு. வீட்டில் மாட்டுத் தீவனத்துக்குத் தட்டை வெட்டும் மிஷின் கையால் சுற்றுகிற சக்கரம். அதற்கு மோட்டார் போடலாம் என்று கனகாம்பாள் கேட்டபோது, "கையால சுத்தனா உடம்புக்கு நல்லது" என்று தீர்ப்புச் சொன்னார். கொஞ்ச காலம் அந்த நன்மையை அவரே அனுபவித்தார். அப்புறம் வரப்பில் வழுக்கி விழுந்து தோள் பிசகியது. கட்டுப் போட்டதில் சரியாகிவிட்டது. தோள் குணமான செய்தியை மட்டும் சுப்பராயலு வெளியே விடவில்லை. அன்று முதல் உடம்புக்கு நல்லது அத்தனையும் கனகாம்பாளுக்கே போய்க்கொண்டிருந்தது.

"மோட்டார் வெச்சதுதான் வாங்கணும்," என்றார் சாப்பிடும்போது. "என் தோளுக்குக் கையால சுத்தறது ஆவாது."

"வாங்குங்க," என்றாள்.

இவ்வளவு சுலபமாகக் கிடைத்ததில் அவருக்கே பயமாக இருந்தது.

"மீனுக்கு மோட்டார் வாங்குற கையோட மாட்டுக்கும் ஒண்ணு வாங்கிடுங்க. மதகடிப்பட்டு கடையில இருக்குதாம்."

சுப்பராயலு சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். யாரோ சுற்றுகிற சக்கரத்துக்கு இவர் எதற்குக் காசு போட வேண்டும்?

"அதெல்லாம் இன்னாத்துக்கு இப்ப?"

"அப்ப மீனுக்கும் கையால சுத்தறதையே வாங்குங்க. இல்ல, வேணாம். உங்களால முடியாது."

"யாரால முடியாது?"

"வயசாயிடுச்சில்ல. பாக்யராஜு தம்பின்னா சுத்தும்."

"அவனா? டீ கிளாஸத் தூக்கவே ஆள் தேடுறவன் அவன்."

சாப்பிட்ட கை காய்வதற்குள் கையால் சுற்றுகிற ராட்டினத்துக்கு ஆர்டர் போனது. விலையும் பாதி, மாட்டு மோட்டார் தொல்லையும் ஒழிந்தது. பெண்டாட்டியை மடக்கிவிட்ட திருப்தியில் நீளமாக ஓர் ஏப்பம் விட்டார்.

பார்சல் வந்தது.

"நடுக்கடல்ல போயி முழிக்காதீங்க. மொதல்ல நம்ம கெணத்துல போட்டுப் பாருங்க," என்றாள் கனகாம்பாள். பாக்யராஜையும் அவளே போன் போட்டு வரவழைத்திருந்தாள்.

கிணற்றுச் சுவரில் ராட்டினத்தைத் திருகி மாட்டினார்கள். குண்டு உள்ளே போனது. சுப்பராயலு சுற்றினார். ஏறி வந்தது.

"பரவால்லியே," என்றாள் கனகாம்பாள். "ஒரு தடவதான் முடியும்போல."

மறுபடி இறக்கினார். ஏற்றினார்.

"போதும்ணே, மூச்சு வாங்குது," என்றான் பாக்யராஜ்.

"உனக்கு வாங்குதாடா? எனக்கு வாங்கல."

"வேகமா சுத்தச் சொல்லாதீங்க தம்பி. அவருக்குத் தோள்ல கோளாறு."

அதற்கப்புறம் சுப்பராயலுவைப் பிடிக்க ஆளில்லை. குண்டு போவதும் வருவதும் தெரியவில்லை. கிணற்றுத் தவளைகள் வேறு பொந்து பார்த்துப் போயின. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"தோள் இப்ப எப்படி இருக்குது?" என்று கேட்டாள்.

"இன்னா தோளு? கல்லு மாதிரி இருக்குது. டேய் பாக்யராஜு, தொட்டுப் பாருடா."

பாக்யராஜ் தொட்டுப் பார்த்தான். "கல்லேதான் அண்ணி," என்றான். சாட்சி முடிந்தது.

கனகாம்பாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகையைக் காட்டினாள். மாட்டுக்கு வெட்டிப் போட வேண்டிய கரும்பின் கொழுந்தாடை அங்கே மலையாகக் குவிந்திருந்தது. காலையிலிருந்து அவள் ஒரு பிடிகூட வெட்டவில்லை. நாலு மாடும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

சுப்பராயலுவுக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

"பாதி வெலதானே ஆச்சி, கனகம். மீதில மாட்டுக்கு மோட்டாரே வாங்கிடலாமே."

"வேணாங்க. கையால சுத்தனா உடம்புக்கு நல்லது."

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் தட்டை வெட்டி முடித்து அவர் மூர்த்திக்குப்பம் போய்ச் சேர்வதற்குள் படகு கரை திரும்பியிருக்கும். வஞ்சிரத்தை மீன்காரம்மாவிடம் வாங்கிக்கொண்டு வருவார். ராட்டினம் துருப்பிடித்துப் பழைய இரும்புக்குப் போனது.

ஈயக் குண்டு மட்டும் இருக்கிறது, கொட்டகைக் கதவு காற்றில் அடிக்காமல் முட்டுக் கொடுத்துக்கொண்டு. தட்டை மிஷினுக்கு இன்னும் மோட்டார் போடவில்லை.