டிஸ்க்கில் தொலைந்த பூங்குழலியின் கல்யாணம் அகப்பட்ட விவரம்

விஜயநகர், மைசூரு.

பேரன்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் மதலைமுத்து பணிவோடு எழுதுவது. மரியே வாழ்க. இங்கு நானும் டோரதியும் மகள் ஷாரனும் சுகம். அங்கு தங்கள் முட்டிவலியும் அக்காவுக்கு என்மேல் உள்ள கோபமும் தணிந்திருக்க மாதாவை வேண்டுகிறேன்.

தங்கள் மகள் பூங்குழலியின் கல்யாணம் கிடைத்துவிட்டது அத்தான்.

நகல் எடுத்துத் தருகிறேன் என்று தங்கள் பழைய டிஸ்க் பெட்டியைக் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது வாங்கி வந்தேன், கல்யாண வீடியோ வேறெங்கும் இல்லை, பத்திரம் என்று அக்கா பஸ் ஏறும்வரை சொன்னாள், இங்கே வந்து மிக்ஸி பாயிண்டில் சொருகினேன், புகை வந்தது, பெட்டி போச்சு. உள்ளே இருந்த டிஸ்க்கைக் கடையில் காட்டினால், கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்துவிட்டு, காலியாக இருக்கிறது, ஃபார்மட் பண்ணிவிடட்டுமா என்றார் கடைக்காரர். நான் தலையாட்டப் போனேன். கூட வந்த ஷாரன் டிஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு வெளியே நடந்துவிட்டாள். டிஸ்க்குகளைப் படிக்கிற நிரல் எழுதுவதுதான் அவள் வேலையே என்பது எனக்கு அன்றுதான் தெரியும். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

"சும்னே அழாதீங்கப்பா. கல்யாணம் எங்கயும் போகல. கம்ப்யூட்டர் தப்பான எடத்துல தேடுது, அவ்ளோதான்" என்றாள். (சும்னே என்றால் இந்த ஊர்க் கன்னடத்தில் சும்மா.)

விஷயம் இதுதான். தங்கள் பெட்டி ஒவ்வொரு எண்ணையும் பெரிய பைட் முன்னால் வரும்படி எழுதுமாம், நம் கம்ப்யூட்டர் சின்னதை முன்னால் வைத்துப் படிக்குமாம். இந்த மாதிரி டிஸ்க்கைப் படிக்க நம் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதிய புண்ணியவான் எல்லா இடத்திலும் எண்ணைத் திருப்பிப் போட்டவர் ஓரிடத்தில் மறந்துவிட்டார். அதனால் ஒன்றாம் இடத்தில் இருந்த கல்யாணத்தை, ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துச் சொச்சமாவது இடத்தில் தேடியிருக்கிறது. டிஸ்க்கில் அவ்வளவு இடமே கிடையாது! ஷாரன் முதலில் வேறோர் எண்ணைத் திருப்ப, டிஸ்க்கே திரையிலிருந்து மறைந்தது, டோரதி மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றப் போய்விட்டாள். அவள் திரும்பி வருவதற்குள் ஷாரன் சரியான வரியைப் பிடித்துத் திருத்தினாள் பாருங்கள், திரையில் மணக்கோலத்தில் பூங்குழலி! நான் எதிர்வீட்டுக்கு ஓடி, எப்போதும் தன் பையன் பெருமையே பேசும் ரிட்டயர்ட் மேனேஜரிடம், உங்க பையனுக்கு பைட்டைத் திருப்பத் தெரியுமா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

அக்காவுக்கும் தங்களுக்கும் எங்கள் அன்பு. மாதாவின் துணையோடு மகளும் மருமகனும் நீடூழி வாழ்க.

தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
மதலைமுத்து

பி.கு.: கவரை ஒட்டுமுன் வீடியோவை முழுதாகப் பார்த்தோம். பந்தியில் தாங்கள் சமையல்காரரிடம், "மைசூர்க்காரரு எலைக்குக் கறி கம்மியா வைங்க. வெறும் எலும்பப் போட்டாலும் நல்லாருக்குதும்பாரு" என்று சொல்வது தெளிவாகக் கேட்கிறது. டோரதி அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். மேற்கண்ட பணிவு, அன்பு, கீழ்ப்படிதல் அனைத்தும் ரத்து. அந்தப் பிழையைப் பழையபடி உள்ளே வைத்துவிடு என்று ஷாரனிடம் சொன்னேன். திருத்தத்தை அந்த நிரலை வைத்திருக்கும் எல்லோருக்கும் அனுப்பிவிட்டாளாம். இனி உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டரில் போட்டாலும் கேட்குமாம்.